'ரிக்வயர்ஸ் ஸ்டாட்டிக்' போட்டால் மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஜாவா மாட்யூல்கள் (ஒரு புரோகிராமின் தனித்தனிப் பகுதிகள்) பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தால் பயன்படுத்திக்கொள்வோம், இல்லாவிட்டால் போகட்டும் என்கிற ஆப்ஷனல் மாட்யூல்களுக்கு 'ரிக்வயர்ஸ் ஸ்டாட்டிக்' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது என்பதுபோல் சொல்லியிருந்தார்கள். தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

2017-இல் ஜாவா 9-உடன் வந்த வசதி இது. கம்பைல் செய்யும்போது (எழுதியதை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றும்போது) அந்த மாட்யூல் கட்டாயம் வேண்டும், ஓடும்போது இல்லாவிட்டாலும் புரோகிராம் கிளம்பிவிடும். சரி, ஆனால் அந்த மாட்யூலின் ஜார் ஃபைல் (கம்பைல் செய்த தொகுப்பு), மாட்யூல்களைத் தேடும் இடமான மாட்யூல் பாத்திலேயே கிடந்தாலும், இந்த வரியை மட்டும் நம்பி ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்) அதை எடுத்துக்கொள்ளாது. வேறொரு மாட்யூல் அதைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும், அல்லது ஓட்டும் கட்டளையில் 'ஆட்-மாட்யூல்ஸ்' கொடுத்து நாமே இழுத்துவர வேண்டும். இல்லையென்றால் கிளம்பும்போது ஒரு சத்தமும் வராது, எப்போதோ ஒரு யூசர் அந்த மாட்யூல் தேவைப்படும் பட்டனை அழுத்தும்போது, வேண்டிய கிளாஸ் கிடைக்கவில்லை என்னும் 'நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்' வந்து விழும். அதைப் பிடிக்க 'கேட்ச் எக்ஸெப்ஷன்' எழுதி வைப்பவர்கள் ஏராளம், அது எக்ஸெப்ஷன் இல்லை, எரர் என்னும் வேறு வகை, அந்த வலையில் சிக்கவே சிக்காது!

என்னைக் கேட்டால் சர்வீஸ்தான் சரியான வழி, அதாவது ஒரு மாட்யூல் கேட்கும் வேலையை இன்னொரு மாட்யூல் செய்து தரும் ஏற்பாடு. மூல மாட்யூலில் ஒரு இன்டர்ஃபேஸ் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்), அதைப் பயன்படுத்துவதாகச் சொல்லும் 'யூசஸ்' வரி, அவ்வளவுதான். வெளி லைப்ரரியைத் தொடும் நிரல் முழுவதையும் ஒரு சின்ன இணைப்பு மாட்யூலில் வைத்து, அது லைப்ரரியை ஸ்டாட்டிக் இல்லாமல் கறாராகவே கேட்கட்டும், 'புரொவைட்ஸ்' மூலம் சேவையைத் தரட்டும். இணைப்பு மாட்யூல் பாத்தில் இருந்தால் ஜேவிஎம் தானாகவே சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் சேவையைத் தேடித் தரும் சர்வீஸ்லோடர் வெறுங்கையோடு திரும்பும், நாம் மாற்று வழியில் போய்க்கொள்ளலாம். இணைப்பை வைத்துவிட்டு லைப்ரரியை மறந்துபோனால் கிளம்பும்போதே எந்த மாட்யூல் காணவில்லை என்று பெயரோடு சொல்லி நின்றுவிடும். நடுராத்திரியில் விழுவதற்கு இது எவ்வளவோ மேல்.

கம்பைலுக்கு மட்டும் தேவைப்படும் அனோட்டேஷன்களுக்கு (நிரலில் சேர்க்கும் குறிப்புகளுக்கு) 'ரிக்வயர்ஸ் ஸ்டாட்டிக்' கச்சிதம், அதை மறுக்கவில்லை. அப்புறம், ஜாவா புராஜெக்ட்டுகளைக் கட்டும் கருவியான மேவனின் 'ஆப்ஷனல்' வேறு சங்கதி: நம் லைப்ரரியை எடுப்பவருக்கு அந்த டிபென்டென்சி (நம் லைப்ரரி சார்ந்திருக்கும் வேறொரு லைப்ரரி) தானாகப் போய்ச் சேராது என்பதுதான் அதன் பொருள், ஜேவிஎம்முக்கு அது தெரியவே தெரியாது. கட்டுரையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள், அதையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜாவா புரோகிராமர்