54-க்கு 41

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய தொழில்முனைவுத் தேர்வின் முடிவைப் பார்த்தேன். 54-க்கு 41. "ரிஸ்க் எடுப்பதில் 12-க்கு 5தான் அப்பா, சொந்தத் தொழில் எண்ணத்தையே விட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த ஓர் எண்ணுக்காக விட வேண்டாம்.

இங்கிலாந்தில் டரம் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் 1980களில் உருவான தேர்வு இது. சாதிக்கும் வேட்கை, புதிதாக யோசிப்பது, அளந்து துணிவது (நீ சொல்லும் ரிஸ்க்), தன் முயற்சியை நம்புவது ஆகிய நான்குக்கும் தலா 12 வாக்கியங்கள். தன்னிச்சையாக இயங்கும் விருப்பத்துக்கு மட்டும் 6. ஒவ்வொன்றையும் ஏற்கிறாயா, இல்லையா என்று குறிக்க வேண்டும். நீ உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்பதை இது காட்டிவிடும். நீ என்ன செய்தாய் என்பதைக் கூட இருந்து பார்த்தவன் நான்.

கல்லூரியில் படிக்கும்போது திருப்பூர் காதர்பேட்டையில் டி-ஷர்ட் எடுத்து விடுதியில் விற்றாயே. மொத்தமாக எடுத்தால் விலை குறைப்பதாகக் கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். நீ மசியவில்லை. தோழிகளின் அளவுகளை நோட்டில் எழுதி, பாதிப் பணத்தை முன்பே வாங்கி வைத்திருந்தாய். பட்டியலுக்கு மேல் நான்கைந்து உருப்படிகள்தான் எடுத்தாய், அதுவும் அதிகம் பேர் கேட்டிருந்த நடு அளவில். அளந்து துணிவது என்றால் அதுதான் அம்மணி. கண்ணை மூடிக்கொண்டு பணத்தைப் போடுவதை மனத்தில் வைத்து 'இல்லை' என்று குறித்திருப்பாய்.

டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை, தரையில் நட்ட முளையில் வளையம் எறியும் விளையாட்டில் சோதித்தார். எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம் என்று விட்டால், சாதிக்கும் வேட்கை மிகுந்தவர்கள் முளையை ஒட்டியும் நிற்பதில்லை, எட்டாத தூரத்துக்கும் போவதில்லை. முயன்றால் விழும் என்ற தூரத்தில் நிற்கிறார்கள். அவருடைய குழுதான் 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளை, நீ இப்போது இருக்கும் ஹைதராபாத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில்களில் இறங்கினார்கள். ஆகவே இந்தக் குணத்தை வளர்த்துக்கொள்ள முடியும்.

எனக்குக் கவலை தருவது வேறோர் எண். தன்னிச்சைக்கு 6-க்கு 6 வாங்கியிருக்கிறாய். மேலாளரைப் பிடிக்காதவர் யாரும் அதை வாங்கிவிடலாம். நீ நினைப்பதுபோல் குழந்தைகள் உடுப்புத் தொழிலில் இறங்கினால், தைத்துக் கொடுக்கும் யூனிட்காரர் சொல்லும் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். கடைக்காரர் அறுபது நாள் கடன் கேட்பார். கையில் காசு வந்ததோ இல்லையோ, கெடு தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். இத்தனை பேருக்குக் கட்டுப்பட்டும் சலிக்காமல் இருக்க முடியுமா? அதற்கான பதில் 'தன் முயற்சியை நம்புவது' பகுதியில் இருக்கிறது. அங்கே 8 எடுத்திருக்கிறாய். விட்டுப்போன நான்கு வாக்கியங்களையும் எடுத்துப் படித்துப் பார். அதிர்ஷ்டம், நேரம் என்று எங்கே கைவிட்டாய் என்று தெரியும்.

தாளை மறுபடி நிரப்பு. இந்த முறை ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே நீ உண்மையில் செய்த ஒரு காரியத்தை எழுது. எழுத வராத பதிலை அடித்துவிடு. உன் அறைத் தோழியையும் உன்னைப் பற்றி ஒரு தாள் நிரப்பித் தரச் சொல்.

வேலையை இப்போதைக்கு விடாதே. முதல் லாட்டுக்குத் துணி, தையல், பட்டன், பேக்கிங் என்று கணக்குப் போட்டு அனுப்பு. குறைந்த எண்ணிக்கைக்கும் தைத்துத் தருபவர்கள் திருப்பூரில் யார் யார் என்று விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா