பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் சோலைகளில் ஒலிபெருக்கி வைத்து அழைப்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பறவை பார்க்க வருவோருக்கு வழிகாட்டிகளாக இருப்பவர்கள் மற்றும் ஊர்மக்கள்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
நீலகிரி வனக்கோட்டம், உதகமண்டலம்.

பொருள்: சோலைப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டும் இரை வைத்தும் பறவைகளை வரவழைப்பதைத் தடை செய்தல், சாலையோரப் புதர் வெட்டும் மாதத்தை மாற்றுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பறவை பார்க்க வருகிறவர்களைச் சோலைக்கு அழைத்துப் போய்ப் பிழைப்பு நடத்துகிறவன் நான். என்னோடு கையெழுத்திட்டிருப்பவர்களில் என்னைப் போன்ற வழிகாட்டிகள் உண்டு, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு. சுற்றுலாவை நிறுத்தச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது நாங்கள்தான். எங்கள் தொழிலுக்குள்ளேயே புகுந்துவிட்ட ஒரு கெட்ட பழக்கத்துக்கு, எங்களால் போட முடியாத கடிவாளத்தைத் தங்கள் துறை போட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறோம்.

இந்த மலையில் ‘சீசன்’ என்றால் ஏப்ரலும் மே மாதமும்தான். சமவெளி கொதிக்கும்போது மலைக்குக் கூட்டம் வருகிறது. மலர்க் கண்காட்சியும் அப்போதுதான். பறவைகளுக்கும் அதுவே சீசன் என்பதுதான் சிக்கல். பிப்ரவரி பிறந்ததும் நீலகிரிச் சிரிப்பான் புதர்களில் கூட்டுக்கு இடம் பார்க்கத் தொடங்கிவிடும். சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் ஒரு சிறு பாட்டுப் பறவை) ஏப்ரலில் மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியும் நாரும் சேர்க்கும். தென்மேற்குப் பருவமழை வலுக்கும் முன் குஞ்சுகள் இறகு முளைத்து வெளியே வந்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஆளரவமற்றுக் கிடக்கும் சோலை ஓரத்தில், மிகச் சரியாக அந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் மட்டும் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

இந்தப் பறவைகள் சாதாரணமானவை அல்ல என்பது தங்களுக்குத் தெரியும். நீலகிரிச் சிரிப்பான் இந்த மலையிலும் இதை ஒட்டிய சில முகடுகளிலும் தவிர உலகில் எங்கும் கிடையாது. நீல முதுகும் செம்பழுப்பு விலாவும் கொண்ட நம் சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டித் தெற்கே போவதில்லை. அங்கே இருப்பது வேறு இனம். இவற்றுக்கென்று ‘சோலிகோலா’ என்ற தனிப் பேரினத்தை 2017ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் வகுத்தபோது, நம் சோலையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். 2024ஆம் ஆண்டு கோத்தகிரி அருகே உள்ள லாங்வுட் சோலை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டபோது, உலக அளவில் அழியும் நிலையில் இருப்பவை என்று மத்திய அரசின் அறிவிப்பிலேயே குறிப்பிடப்பட்டவை இந்த இரண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 அந்தச் சோலையில் பதிவாகியிருப்பதாகவும் அதே அறிவிப்பு சொல்கிறது. சோலையின் பரப்போ 116 ஹெக்டேர்தான். காலையில் நுழைந்தால் மதியத்துக்குள் குறுக்கே நடந்துவிடலாம்.

லாங்வுட் சோலையைப் பற்றி எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. அது காப்புக்காடு, தங்கள் பணியாளர்களின் கண் அதன் மேல் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஓடைக்கரைகளில், சாலை வளைவுகளில் துண்டு துண்டாகக் கிடக்கும் பெயரில்லாச் சோலைகள்தான் எங்கள் கவலை. யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் நுழைவது அங்கேதான்.

நடப்பது இதுதான். சோலைக்கிளி இருட்டுப் புதருக்குள் தரையை ஒட்டித் தத்தித் திரியும் பறவை. அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். விடியலில் போய் அசையாமல் உட்கார்ந்தால் சில நாள் அரை மணி நேரத்தில் வரும். சில நாள் வரவே வராது. இரண்டு நாள் விடுப்பில் பெரிய லென்ஸோடு வருகிறவருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. செல்பேசியில் சோலைக்கிளியின் பாட்டைப் பதிவிறக்கி, உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியில் ஒலிக்கவிடுகிறார்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டான் என்று நினைத்து, செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பறவை ஓடி வருகிறது. இல்லாத எதிரியைத் தேடிக் கிளைக்குக் கிளை தாவுகிறது. படம் கிடைத்ததும் இவர்கள் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் அடுத்த குழு வந்து அதே பாட்டைப் போடுகிறது.

இதை யார் மேலும் பழியாகச் சொல்லவில்லை. நானே பல ஆண்டுகள் செய்தவன். நான் விட்டதற்குக் காரணம் ஒரு ஏப்ரல் காலை. விருந்தினர் இருவருக்காகப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டேன். ஆண் பறவை நான்கடி தூரத்தில், பாசி படர்ந்த வேரின் மேல் வந்து நின்றது. அலகு நிறையப் புழு. குஞ்சுகளுக்கு எடுத்துப் போன இரை. கீழேயும் போடவில்லை, கூட்டுக்கும் போகவில்லை. அலகில் புழுவை வைத்துக்கொண்டே ஒலிபெருக்கிக்குப் பதில் பாட முயன்றது. தொண்டை துடித்தது, குரல் சரியாக வரவில்லை. விருந்தினர்கள் “அருமை, அருமை” என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆகியிருந்தது. அன்றைக்கு அந்தக் குஞ்சுகள் எத்தனை வேளை சாப்பிட்டன என்று எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கியை அதன்பிறகு நான் சோலைக்கு எடுத்துப் போனதில்லை.

கூட்டையே படம் எடுக்கிறவர்கள் இன்னொரு வகை. சிரிப்பான் தன் கூட்டை இலைக்குள் மறைத்துத்தான் கட்டும். மறைப்பு படத்துக்கு இடைஞ்சல் என்று முன்னால் இருக்கும் இலைகளைக் கிள்ளுகிறார்கள், சுள்ளிகளை ஒடிக்கிறார்கள், நாராலோ கம்பியாலோ கிளையை வளைத்துக் கட்டுகிறார்கள். லென்ஸுக்குத் தெரிகிற கூடு அண்டங்காக்கைக்கும் தெரியும். காட்சி முனைகளில் கொட்டப்படும் மிச்சச் சாப்பாட்டால் காக்கைக் கூட்டம் பெருகியிருப்பதைத் தங்கள் வனக்காவலர்களே சொல்வார்கள். கட்டப்பட்ட கம்பியை அவிழ்க்கப் போய், கூடு காலியாகக் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இரை வைப்பதும் இப்போது பெருகுகிறது. மறைவுத் தட்டி கட்டி, பாசி ஒட்டிய மரத்துண்டில் புழுக்களைப் பரப்பி, நாற்காலிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். பறவைக்குச் சாப்பாடுதானே போடுகிறோம் என்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 2(16) பிரிவில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில், கொல்வதும் பொறி வைப்பதும் மட்டுமல்ல, இரை வைத்து ஈர்ப்பதும் அடங்கும். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளுக்கோ கூட்டுக்கோ தொந்தரவு தருவதும் அடங்கும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது உண்டிவில்லோடு சோலைப் பக்கம் போனால் வனக்காவலர் காதைத் திருகி அனுப்புவார். உண்டிவில் எப்போதோ போய்விட்டது. இன்றைக்கு லட்ச ரூபாய் கேமராவோடு கூட்டைக் கலைக்கிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எனவே நாங்கள் முதன்மையாக வேண்டுவது இதுதான். பிப்ரவரி முதல் ஜூன் வரை, தங்கள் வனக்கோட்டத்துக்கு உட்பட்ட சோலைகளிலும் அவற்றின் ஓரங்களிலும் பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவது, இரை வைப்பது, கூட்டை நெருங்கிப் படம் எடுப்பது, இரவில் ஆந்தைகள் மேல் விளக்கடிப்பது ஆகியவற்றைத் தடை செய்து சுற்றறிக்கை வெளியிட வேண்டும். தடை எழுத்தில் இருந்தால்தான் எங்கள் பிழைப்பும் நேராகும். இப்போது நான் “பாட்டுப் போடமாட்டேன்” என்று சொன்னால், வருகிறவர் போடுகிற வழிகாட்டியைத் தேடிப் போகிறார். “வனத்துறை உத்தரவு, போட முடியாது” என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்ல முடிந்தால் அந்தப் போட்டியே இருக்காது. அறிவிப்புப் பலகைகள் தமிழோடு மலையாளம், கன்னடம், ஆங்கிலத்திலும் வேண்டும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தார்.

வழிகாட்டிகளுக்குத் தங்கள் துறை பயிற்சி கொடுத்து அடையாள அட்டை வழங்கினால், விதியை மீறினால் அட்டை போய்விடும் என்ற பயம் இருக்கும். பயிற்சியில் பாடம் எடுக்க எங்களில் மூத்தவர்கள் ஊதியமின்றி வரத் தயார். ஒலிபெருக்கி இல்லாமலே சோலைக்கிளியைக் காட்ட முடியும் என்று நிரூபித்துக் காட்டவும் தயார். எந்த ஓடையில் எந்த நேரத்தில் அது குளிக்க வரும் என்று தெரிந்தால் போதும்.

இரண்டாவது வேண்டுகோள் சாலையோரப் புதர்கள் பற்றியது. சீசன் தொடங்கும் முன் மலைப்பாதைகளின் இருபுறமும் புதர் வெட்டுகிறார்கள். வளைவில் எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் தவிட்டுப்பழச் செடியும் முள்ளிப்பழக் கொடியும் பின்னிக் கிடக்கும் அந்த ஓரங்கள்தான் சிரிப்பானுக்குச் சமையலறையும் பிரசவ அறையும். போன ஏப்ரலில் இயந்திரத்தால் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் என்னைக் கைதட்டி அழைத்தார். அவருடைய உள்ளங்கையில் ஒரு கிண்ணக் கூடு. உள்ளே நீல நிறத்தில் இரண்டு முட்டைகள், மேலே செம்பழுப்புப் புள்ளிகள். “இதை எங்கே வைப்பது, ஐயா?” என்று கேட்டார். அவர் மேல் என்ன தவறு? வெட்டிய பிறகுதான் கூடே அவர் கண்ணில் பட்டது. மீந்திருந்த ஒரு புதருக்குள் இருவரும் சேர்ந்து அதை வைத்தோம். தாய்ப்பறவைகள் வரவில்லை.

இதற்குச் செலவே இல்லாத தீர்வு ஒன்று உண்டு: மாதத்தை மாற்றுவது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், ஜனவரிக்குள் வெட்டி முடித்துவிட வேண்டும். அதன்பிறகு பார்வையை மறைக்கும் வளைவுகளில் மட்டும் கையால் கழிக்கலாம். சாலைகளைப் பராமரிக்கும் துறையினருக்கும் ஊராட்சிகளுக்கும் இதை வலியுறுத்தித் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று நம்புகிறோம்.

புல்வெளிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறோம். நீலகிரி நெட்டைக்காலி தரையில், புல் தூருக்கு அடியில் கூடு வைக்கும் பறவை. சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் பரவிய இடத்தில் அதற்கு வேலையே இல்லை. அயல் மரங்களை அகற்றும் பணி நடப்பதை வரவேற்கிறோம். வெட்டிய இடத்தில் மண்ணுக்குள் கிடக்கும் சீகை விதைகள் பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும் என்பதால், கன்றுகளைப் பிடுங்கும் வேலை தொடர வேண்டும். அந்த வேலையும் கூடு கட்டும் மாதங்களைத் தவிர்த்து நடக்க வேண்டும்.

மாவட்டத்துக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. வருகிற ஒவ்வொரு குடும்பத்தின் செல்பேசியையும் அது தொடுகிறது. “இது பறவைகள் கூடு கட்டும் காலம். ஒலி எழுப்பி அழைக்காதீர்கள், கூட்டை நெருங்காதீர்கள்” என்ற இரண்டு வரியை அதில் சேர்க்க மாவட்ட ஆட்சியர் அவர்களிடம் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். ஆயிரம் பலகை வைப்பதைவிட இது எளிது.

இது பிப்ரவரி முதல் வாரம். எங்களுக்குத் தெரிந்து இரண்டு சோலைகளில் சிரிப்பான்கள் ஏற்கெனவே பாசி சுமக்கத் தொடங்கிவிட்டன. சுற்றறிக்கை ஏப்ரலில் வந்தால் இந்த ஆண்டுக்குப் பயன்படாது. ஆகவே மனுவைப் பரிசீலித்து விரைந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

கூடுகள் இருக்கும் இடங்களின் பட்டியலை இந்த மனுவோடு இணைக்கவில்லை. மனு பல மேசைகளைக் கடந்து போகும். இடம் தெரிந்தால் கேமராக்கள் வந்துவிடும். தாங்களோ கோத்தகிரி வனச்சரகரோ ஒரு நாள் குறித்தால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்து நேரில் அழைத்துப் போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பறவை வழிகாட்டிகள் மற்றும் ஊர்மக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: கோத்தகிரி

நகல்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம் – இ-பாஸ் அறிவிப்பு தொடர்பான கோரிக்கைக்காக.