படகு பம்ப்: ஞாயிறு காலை வேலை

எல்லோருக்கும் வணக்கம்.

நம் படகின் எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்ப் சரியில்லை. புகைக்குழாய் வழியே பீய்ச்சி அடிக்க வேண்டிய தண்ணீர் நூல் போல வருகிறது, நேற்று சூடு காட்டும் முள்ளும் ஏறிவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன்: பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் 6 ரப்பர் இதழ்களில் 2 காணோம். எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் வாயில்தான் போய் அடைத்திருக்கும். பம்ப்பின் அடித்துளையிலும் கசிவு, அதாவது சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையமான சீலும் போய்விட்டது.

ஞாயிறு காலை 7 மணிக்குக் கழற்றுகிறோம்.

1. அதுவரை யாரும் எஞ்சினை ஓட்ட வேண்டாம். "அஞ்சே நிமிஷம்" கூட வேண்டாம்.
2. கடல்நீர் வால்வை மூடி, எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியிலேயே கட்டியிருக்கிறேன். அவிழ்க்காதீர்கள்.
3. சர்க்ளிப் பிளையர் (பூட்டு வளையம் கழற்றும் குறடு), நல்ல டார்ச் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.
4. இதழ்த் துண்டுகள் இரண்டும் கைக்கு வந்த பிறகே மூடுவோம்.
5. தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது, பம்ப்பையே மாற்ற வேண்டும். செலவைப் பங்கிடச் சம்மதமா?

வருகிறீர்களா, 5-க்கு என்ன பதில், இரண்டையும் வெள்ளி இரவுக்குள் இங்கேயே போடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் எதற்கென்று புரியாது.