லாரியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ரேடாரைச் சுமந்துகொண்டு ஓடிய வண்டிகளைப் பற்றி நான் எழுதிவந்த புத்தகம் ஒருவழியாக முடிந்து அச்சுக்குப் போகிறது. உங்களுக்கான நன்றியை முன்னுரையில் இரண்டு வரியில் அடக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் ஐயாவுக்கு. ஒரு ரேடார் கேபினுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரியும் லாரியின் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தேன். 'அமெரிக்க லாரி' என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். அன்று இரவே பதில் வந்தது: "முன்கண்ணாடியைப் பாருங்கள்." பார்த்தேன். கண்ணாடியின் மேல் விளிம்பு வெளியே நீட்டி, கீழ் விளிம்பு உள்ளே வாங்கியிருந்தது. வெயில் பட்டு மின்னி, மேலே பறக்கும் எதிரி விமானத்துக்கு வண்டியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகக் கனடாவில் '13ஆம் எண் கேபின்' என்ற ஓட்டுநர் அறைக்கு இப்படிச் சாய்த்து வைத்தார்கள். ஃபோர்டு, செவர்லே நிறுவனங்கள் அங்கே ஒரே மாதிரி வடிவத்தில் சுமார் 4 லட்சம் ராணுவ லாரிகளைச் செய்து அனுப்பின. அவற்றில் ஒன்றுதான் இது. அதற்கப்புறம் கையிலிருந்த எல்லாப் படங்களையும் முதலிலிருந்து பார்த்து, 11 குறிப்புகளை மாற்றி எழுதினேன்.

வண்டி எண்ணைப் படிக்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார். பிரிட்டிஷ் தரைப்படை வண்டி என்றால் எண்ணுக்கு முன்னால் வகையைச் சொல்லும் எழுத்து இருக்கும்: லாரிக்கு எல், டாங்கிக்கு டி, டிரெய்லருக்கு எக்ஸ். விமானப் படை வண்டியில் 'ஆர்.ஏ.எஃப்.' என்று போட்டு வெறும் எண் மட்டும். மங்கிப்போன படத்திலும் அந்த ஓர் எழுத்து தெரிந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறை ஊழியர்களுக்கு அடுத்த நன்றி. ரேடார் பிரிவுகளின் நாட்குறிப்பை 'ஏர் 27' வரிசையில் நான் தேடிக்கொண்டிருந்தேன். அது பறக்கும் படைப்பிரிவுகளுக்கானது, தரையில் இருந்த பலவகைப் பிரிவுகளுக்கு 'ஏர் 29' பாருங்கள் என்று ஒருவர் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் இல்லையென்றால் புத்தகத்தின் நான்காம் அத்தியாயமே இல்லை.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான உதவி. ஏ.டி.எஸ். என்ற மகளிர் துணைப் படையில் சேர்ந்து, விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குறி சொல்லும் ஜி.எல். மார்க் 2 ரேடாரை இயக்கியவர் ஓர் அம்மா. அவர் எழுதிய நோட்டுப் புத்தகத்தை அவருடைய மகன் என்னை நம்பிக் கொடுத்தார். பென்சிலில் வரைந்த கேபின் படம் அதில் இருக்கிறது. விமானத்தின் தூரம், திசை, ஏற்றம் (அது தெரியும் உயரக் கோணம்) என ஆளுக்கொன்றைக் கவனித்து மூன்று பேர் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, அவர்களோடு சேர்ந்து கேபினே சுழலும். அந்த அம்மா அதிகமாக எழுதியிருப்பது திரையைப் பற்றி அல்ல, கம்பி வலையைப் பற்றி. பல மீட்டர் நீள அலையில் வேலை செய்த ரேடார் அது. விமானத்தின் ஏற்றத்தைக் கணிக்கும்போது தரையில் பட்டுத் திரும்பும் அலையும் கணக்கில் சேரும். தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் கணக்கே தப்பு. அதனால் சுற்றிலும் பெரிய வட்டமாகக் கோழிவலை விரித்து, கழிகளில் கட்டிச் சமன் செய்தார்கள். பிரிட்டனில் கோழிவலைக்கே தட்டுப்பாடு வந்தது. சக்கரத்தின் மேல்தான் இருந்தது ரேடார்; ஆனால் வலையை விட்டுவிட்டு எங்கே நகர முடியும்? 'நடமாடும் ரேடார்' என்று நான் சுலபமாக எழுதிவந்த சொல்லை அந்தப் பக்கங்கள்தான் நிறுத்தி யோசிக்க வைத்தன.

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது ஓர் அருங்காட்சியகத்தில். தன்னார்வலர்கள் இருவர் எஸ்.சி.ஆர்.-584 என்ற அமெரிக்க ரேடாரின் டிரெய்லருக்குள் என்னை ஏற்றிவிட்டார்கள். 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இயற்பியலாளர்கள் உருவாக்கிய கேவிட்டி மேக்னட்ரான் (சிறிய அலைகளைப் பலமாக எழுப்பும் குழல்) அதே ஆண்டு செப்டம்பரில் டிசார்ட் குழு என்ற பிரிட்டிஷ் அறிவியல் தூதுக்குழுவோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து பிறந்தது இந்த 10 செ.மீ. அலை ரேடார். அலை சிறிதானதால் கற்றை குறுகியது, தரையின் தொல்லை குறைந்தது, வலையும் வேண்டாம். 1.8 மீட்டர் கிண்ண ஆன்டெனா கூரை வழியாக உள்ளே இறங்கிக்கொள்ள, அப்படியே இழுத்துக்கொண்டு போகலாம். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்சியோவில் இறங்கியது. அந்தக் கோடையில் இங்கிலாந்தின் மேல் வந்த வி-1 பறக்கும் குண்டுகளை வீழ்த்தவும் பீரங்கிகளுக்கு வழிகாட்டியது. அந்தத் தன்னார்வலர்கள் இருவரும் கூரைத் திறப்பின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். ஆன்டெனா இறங்கும் இடைவெளியை விரலால் அளந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அலைநீளக் கணக்கைப் பொறுமையாகப் புரியவைத்த இயற்பியல் ஆசிரியருக்கும் நன்றி. புத்தகத்தை எங்கே தொடங்குவது என்று திணறியபோது, "வேனில் தொடங்குங்கள்" என்றவரும் அவர்தான். 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டேவன்ட்ரி அருகே ஒரு வயல்வெளியில் மோரிஸ் வேன் ஒன்று நின்றது. உள்ளே ரிசீவர், பக்கத்தில் விஞ்ஞானிகள் வாட்சன்-வாட்டும் வில்கின்ஸும். பி.பி.சி. டிரான்ஸ்மிட்டரின் அலை ஹேஃபோர்டு என்ற குண்டுவீச்சு விமானத்தில் பட்டுத் திரும்பியதை அவர்கள் திரையில் பார்த்தார்கள். பிரிட்டிஷ் ரேடாரின் முதல் சாட்சியே ஒரு வண்டிக்குள்தான் கிடைத்தது. இப்போது என் முதல் பக்கம் அதுதான்.

புத்தகம் வந்ததும் எல்லோருக்கும் பிரதி வந்து சேரும். அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் தபாலில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. அதை நானே கொண்டுவந்து மகனின் கையில் கொடுப்பேன்.

அன்புடன்.