‘என்ட்ரி லெவல்’ என்று எழுதியவர்களுக்கு ஒரு க்வெரி

மெடிக்கல் கோடிங் நிறுவனங்களில், வீட்டிலிருந்து செய்யும் பணிகளுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒருவர் வெளியிட்ட விளம்பரத்தின் தலைப்பில் ‘என்ட்ரி லெவல், ரிமோட், சிபிசி-ஏ வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று இருந்தது. சிபிசி-ஏ என்பது, தேர்வில் தேறியும் வேலை அனுபவம் இல்லாத என்னைப் போன்ற கோடர்களின் சான்றிதழ். விளம்பரத்தை நம்பி விண்ணப்பித்தேன். இணையவழித் தேர்வு வைத்தார்கள். கொடுத்த பத்து சார்ட்டுகளில் (நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளில்) ஒன்பதைச் சரியாகக் கோடிங் செய்திருப்பதாக, அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போட்டிருப்பதாக, அவர்களே சொன்னார்கள். பிறகு நாற்பது நிமிடம் காணொளி நேர்காணல் நடந்தது. ஒரு வாரம் கழித்து வந்த மின்னஞ்சலில், குறைந்தது 2 ஆண்டு நேரடி அனுபவம் உள்ளவர்களை மட்டுமே வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதிக்க இயலும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. இதே பொருளில் எனக்கு வந்த பதில்களில் இது பதினோராவது. முதல் பத்தையும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தவன்தான் நான். என்னிடம் அனுபவம் இல்லை என்பது விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தும் தேர்வும் நேர்காணலும் வைத்துவிட்டு, கடைசியில் அதையே காரணமாகச் சொன்னதால்தான் இந்த மடலை எழுத வேண்டியதாயிற்று.

எழுதப்படாதது நடக்காதது என்பது இந்தத் தொழிலுக்கு வருகிற எவருக்கும் நீங்கள் சொல்லித்தரும் முதல் பாடம். மருத்துவர் நோயாளியின் காதைப் பார்த்திருக்கலாம், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தும் கேட்டிருக்கலாம். குறிப்பில் இல்லையென்றால் அதற்குக் கோட் கிடையாது. அந்த விதியை உங்கள் விளம்பரத்துக்கும் பொருத்திப் பார்க்க அனுமதியுங்கள். 2 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாத நிபந்தனையை எந்த ஆவணத்தின் பேரில் என் மீது சுமத்தினீர்கள்?

நோய்களுக்கான கோட் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் புதியவர்கள் தவறாமல் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. வலது மணிக்கட்டருகே ரேடியஸ் எலும்பு முறிந்து வந்தவருக்கு, குறிப்பில் அதற்குமேல் விவரம் இல்லையென்றால், எஸ்52.501ஏ என்று போடுகிறோம். கடைசியில் நிற்கும் ‘ஏ’ இனிஷியல் என்கவுன்டர் என்பதைக் குறிக்கிறது. முதல் முறை வந்திருக்கிறார் என்பதுதான் அதற்குப் பொருள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாம் முறை வந்ததும் தொடர் வருகையைக் குறிக்கும் ‘டி’ போட்டுவிடுவார்கள் புதியவர்கள். உண்மையில், எலும்பைச் சரிசெய்யும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் வரை, மூன்றாம் முறை வந்தாலும் அது ‘ஏ’தான். சொல் ஒன்று, வழக்கில் அதன் பொருள் வேறு என்பதைப் பழகிக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. உங்கள் ‘என்ட்ரி லெவ’லும் அப்படிப்பட்ட சொல்தான் என்று புரிந்துகொள்ளப் பதினோரு விண்ணப்பங்கள் பிடித்திருக்கின்றன. நுழைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை எந்த வழிகாட்டு நூலிலாவது அச்சிட்டிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

என் பெயருக்குப் பின்னாலும் ஓர் ‘ஏ’ நிற்கிறது. நான்கு மணி நேரத்தில் 100 கேள்விகள், தேற 70 விழுக்காடு என்ற தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினேன். இருந்தும் சான்றிதழில் சிபிசி-ஏ என்றுதான் வந்தது. அனுபவம் இல்லாதவர், அப்ரென்டிஸ் என்று அதற்குப் பொருள். அந்த எழுத்தை நீக்க 2 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். 80 மணி நேரப் பயிற்சி வகுப்பை முடித்திருந்தால் ஓராண்டு போதும். இந்த இரண்டில் எந்த வழியில் போனாலும், எங்கோ ஒருவர் வேலை கொடுத்து, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ‘ஏ’ இருப்பதால் நீங்கள் வேலை தருவதில்லை; நீங்கள் வேலை தராததால் ‘ஏ’ போவதில்லை. இதற்கிடையில் ஒவ்வோர் அக்டோபர் 1 அன்றும் ஐசிடியும், ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் சிகிச்சைகளுக்கான கோட் தொகுப்பான சிபிடியும் புதுப்பிக்கப்படுகின்றன. நான் வாங்கிய புத்தகங்கள் பழையதாகிவிட்டன. சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்க 2 ஆண்டுக்கு 36 தொடர்கல்விப் புள்ளிகளையும் சேர்த்தாக வேண்டும். இன்னும் ஒருநாள்கூடச் செய்யாத வேலையில் தொடர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாதம் அலுவலகத்துக்கு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று உங்களில் சிலர் கனிவோடு சொன்னதையும் மறக்கவில்லை. அது முடிகிற காரியமாக இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. என் தாய் பக்கவாதத்தில் படுத்து இரண்டாண்டு முடிகிறது. படுக்கைப் புண்ணுக்கு, அது உடம்பில் எந்த இடத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, எல்89 பிரிவில் வரிசையாகக் கோட்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் ஒன்றுகூட அவருடைய சார்ட்டில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறேன். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். மற்ற நேரமெல்லாம் பக்கத்து அறையில் கணினி முன்னால்தான் இருக்கிறேன்.

அந்த நேர்காணலில் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். தவறில்லை. 1996-இல் வந்த அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் நோயாளியின் விவரத்தைக் காக்கச் சொல்கிறது. வீட்டில் யார் கண்ணில் என்ன படும் என்று பார்க்க வேண்டியது உங்கள் கடமை. தாழ்ப்பாள் உள்ள கதவைக் காட்டினேன். சுவரைப் பார்த்த மேசையையும், வைஃபை இல்லாமல் கேபிளில் வரும் இணைய இணைப்பையும் காட்டினேன். அப்போது பக்கத்து அறையில் அம்மா இருமினார். “வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்களா?” என்று கேட்டார் நேர்காணல் செய்தவர். என் தாய் என்றேன், நிலைமையையும் சொன்னேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்பது தெரியாது. அதற்குப் பிறகு கோடிங் பற்றி அவர் எதுவுமே கேட்கவில்லை.

நான் கேட்பது சலுகை அன்று. புதியவரை அலுவலகத்தில் உட்காரவைத்தாலும் தொடக்கத்தில் அவர் முடிக்கும் சார்ட்டுகள் அத்தனையும் ஆடிட்டுக்குப் போகின்றன. 95 விழுக்காடு துல்லியம் நிலைத்த பிறகுதான் விடுகிறீர்கள். ஆடிட் செய்பவர் பார்ப்பது திரையில் இருக்கும் சார்ட்டையும் நான் போட்ட கோட்களையும். ஒரே நாளில் சிகிச்சையோடு தனியாகப் பரிசோதனையும் நடந்ததைக் காட்டும் மாடிஃபையர் 25 போட்டது சரியா தவறா என்பது, நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன் என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. ஆகவே, ரிமோட் இடங்களில் ஒரு சிறு பங்கையாவது, முழு ஆடிட்டுக்கு உட்பட்டு, புதியவர்களுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் கோரிக்கை. மூன்று மாதத்தில் துல்லியம் வரவில்லையென்றால் அனுப்பிவிடுங்கள். அதற்கு நான் மடல் எழுதமாட்டேன்.

கதவை இப்படிச் சாத்தி வைத்திருப்பதால் வெளியே என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டிலிருந்தபடியே வேலை உறுதி என்று சொல்லிப் பயிற்சிக் கட்டணம் வாங்குகிறவர்கள் ஒருபுறம். மறுபுறம், வேண்டிய ஆண்டுக்கு அனுபவச் சான்றிதழ் ‘ஏற்பாடு’ செய்துதர ஆள் இருக்கிறார்கள்; என்னிடமே ஒருவர் பேரம் பேசினார். செய்யாத சிகிச்சைக்குக் கோட் போட்டால் மோசடி என்று கற்பிக்கிற தொழிலில், செய்யாத வேலைக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் நுழைய வேண்டுமா? அப்படி நுழைந்தவரை வரவேற்று, உண்மையைச் சொன்னவருக்கு ஒருவரி மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். எளிய சார்ட்டுகளை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளும், ஆகவே புதியவர்கள் தேவையில்லை என்பது இப்போது சொல்லப்படும் இன்னொரு காரணம். கடினமான சார்ட்டுகளைப் பார்க்கும் அனுபவசாலிகள் பத்தாண்டு கழித்து எங்கிருந்து வருவார்களோ, அதையும் அந்த மென்பொருளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

குரல் சற்று உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஒரே சார்ட்டில் ஒன்றுக்கொன்று முரணான குறிப்புகள் இருந்தால் கோடர் தானாக முடிவெடுக்கக் கூடாது, எழுதியவரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்ப வேண்டும், அதிலும் நமக்கு வேண்டிய பதிலை அவர் வாயில் ஊட்டக் கூடாது என்பது விதி. உங்கள் விளம்பரத்தின் தலைப்பு புதியவரும் வரலாம் என்கிறது. உங்கள் மின்னஞ்சல் 2 ஆண்டு அனுபவம் வேண்டும் என்கிறது. அருள்கூர்ந்து தெளிவுபடுத்துங்கள்: இந்த இடங்கள் புதியவர்களுக்கானவையா, அனுபவம் உள்ளவர்களுக்கானவையா, வேறு ஏதேனுமா, அல்லது உங்களாலும் தீர்மானிக்க இயலவில்லையா?

முதலாவதுதான் விடை என்றால், என் விண்ணப்பம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது என்றால், அடுத்த விளம்பரத்தின் தலைப்பிலேயே அதை எழுதிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் வரும்வரை இந்தச் சார்ட்டை நான் மூடப்போவதில்லை.

இப்படிக்கு,
பெயருக்குப் பின்னால் இன்னும் ‘ஏ’ வைத்திருக்கும் ஒரு கோடர்