பழைய 9-உம் புது 6-உம் சேர்ந்து 8 ஆகும் உங்கள் விட்ஜெட் பற்றி

அனுப்புநர்: மென்பொருள் எழுதித் தரும் சிறுதொழில்காரர், மன்னார்குடி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். இது நான் அனுப்பும் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்துக்கும் 'உங்கள் புகார் பதிவாகிவிட்டது' என்ற ஒரே பதில்தான் வந்தது. அவற்றை ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் எழுதினாலாவது யாராவது படிக்கிறீர்களா பார்ப்போம்.

சுற்றுவட்டார அரிசி ஆலைகளுக்கு எடைமேடை பில் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதில் வைக்க, திரையில் எண் காட்டும் சிறு மென்பொருள் துண்டான உங்கள் விட்ஜெட்டை 18,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எடைமேடையின் எடைகாட்டும் பெட்டியான இண்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் என்ற கேபிள் இணைப்பு வழியாகக் கணினிக்கு எடை வரும். விட்ஜெட் அதைக் கால்குலேட்டர் எண் மாதிரி பெரிதாகக் காட்டும். வெளியே நிற்கும் விவசாயிக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு டிவியை மாட்டி, திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கும் ஸ்கேலிங் அமைப்பை 150 சதவீதம் வைத்திருக்கிறோம்.

100 சதவீதத்தில் ஒரு குறையும் இல்லை. 150-இல் 400 பிக்சல் அகலம் 600 ஆகிறது. ஆனால் எண் மாறும்போது உங்கள் விட்ஜெட் இன்வாலிடேட் செய்வது, அதாவது 'இதை மறுபடி வரை' என்று கணினிக்குச் சொல்வது, பழைய 400-ஐ மட்டும். மிச்சம் 200 பிக்சலில் பழைய எண் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இலக்கம் ஐந்து, ஒவ்வொன்றும் 120 பிக்சல். ஆக, வெட்டு விழுவது நான்காவது இலக்கத்தின் குறுக்கே. உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாததா?

மாசி மாதம், சம்பா அறுவடை மும்முரம். 12290 கிலோவில் ஒரு லாரி நின்றபோது கணக்குப்பிள்ளை கணினித் திரையில் மென்பொருளின் ஜன்னலைச் சுருக்கி விரித்திருக்கிறார், அதனால் அந்த எண் முழுதாக வரையப்பட்டது. அடுத்த லாரி 12360. 6-இன் இடது ஓரம் புதுசு, 9-இன் வலது ஓரம் பழசு, இரண்டும் சேர்ந்து பளிச்சென்று ஒரு 8. டிவியில் 12380, பில்லில் 12360. இருபது கிலோ நெல் எங்கே போச்சு என்று அந்த விவசாயி கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

இதை உங்கள் ஆளிடம் போனில் சொன்னேன். அவர் சொன்னது: "உங்க ஊர்ல கரண்ட் ஒழுங்கா வராது சார், அதான் நம்பர் உடையுது." மின்னழுத்தம் குறைந்தால் டிவி அணையும். 6-ஐயும் 9-ஐயும் தேடிப்பிடித்து ஒட்டவைக்குமா? அப்புறம் சிரித்துக்கொண்டே, "நெல்லு எடைக்கு எதுக்கு சார் இதெல்லாம், கரும்பலகையில எழுதிப் போடுங்க" என்றார். இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது.

திருச்சி கதையைச் சொல்ல மறந்துவிட்டேன், அது இதற்கு முன்னால் நடந்தது. உங்கள் முகவரிடம் கணினியைக் கொண்டுபோகச் சொன்னீர்கள். சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வழியாகப் பஸ்ஸில் போனேன். நடத்துனர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். அங்கே 100 சதவீதத்தில் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். 150-க்கு மாற்றுங்கள் என்றால், "நாங்க ஹார்டுவேர் மட்டும்தான் பார்ப்போம்." ஒரு நாள் போச்சு.

திரையில் படம் வரவைக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னீர்கள், மூன்று கணினியிலும் செய்தாயிற்று. டிரைவர் கோளாறு என்றால் ஜன்னலைச் சுருக்கி விரித்ததும் எண் ஏன் சரியாகிறது? அப்போது மட்டும் முழுதாக வரைகிறது, அதனால்தான். மென்பொருள் தானாக எழுதிவைக்கும் பதிவான லாகில் எடையும் சரியாக இருக்கிறது. நானே ஒவ்வொரு எடைக்கும் ஜன்னல் முழுவதையும் இன்வாலிடேட் செய்து பார்த்தேன். எண் சரியாக வந்தது, ஆனால் பின்னணியை அழித்து அழித்து வரைவதால் ஒரே மினுக்கல். முழுப் படத்தையும் மறைவில் வரைந்துவிட்டு ஒரேயடியாகக் காட்டும் டபுள் பஃபரிங் போடலாம் என்றால், கையேட்டில் இருக்கும் அந்த அமைப்பை மாற்றினால் ஒன்றுமே நடக்கவில்லை.

என் மென்பொருள் நெல் திருடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பத்து வருடம் சேர்த்த பெயர் அரை இலக்கத்தில் போச்சு. இதற்கு ஒரு கோடி கேட்டாலும் தகும்.

உங்களை வம்புக்கு இழுப்பது என் நோக்கமில்லை. திருத்திய பதிப்பைப் பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் 18,500-ஐயும் திருச்சி போய்வந்த செலவையும் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன், அப்புறம் திருவாரூர் நுகர்வோர் ஆணையம். 'தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை' என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். சுயதொழிலில் பிழைக்க வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. வழக்கையும் நான் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். இந்த முறை பஸ் ஏறப்போவது நீங்கள்.

கரும்பலகை யோசனை சொன்னவரை மட்டும் மறுபடி என்னோடு பேச விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: டிவி திரையின் படங்கள் மூன்று. மூன்றாவதில் 8-ஐத் தொட்டுக் காட்டும் விரல் அந்த விவசாயியுடையது.