விறாந்தை வீணான இடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் வீட்டுப் பக்கத்தில், விறாந்தை என்பது சும்மா கிடக்கும் இடம், அதை மறித்து அறையாக்கினால் வீட்டின் பெறுமதி கூடும் என்று ஒரு வரி வந்திருந்தது. பக்கத்தில் ஒரு வீட்டின் படம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு மேலே ஒரு சாண் கூரை கூட வெளியே நீட்டவில்லை. அந்த வீட்டை எங்கள் ஊரில் ஆவணி மாதக் கச்சான் காற்றில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் அறியாதவரல்ல. அப்படி இருந்தும் அந்த வரி எப்படி உங்கள் கண்ணில் தப்பியது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். என் கணவர் மேசன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அவர் எழுப்பிய வீடுகளுக்குக் கணக்குப் பார்த்தது நான். கல்லுக்கும் சீமெந்துக்கும் காசு எண்ணிக் கொடுத்தவள் என்பதால், விறாந்தைக்கு எவ்வளவு செலவாகும் என்பதும் தெரியும், அது இல்லாவிட்டால் எவ்வளவு செலவாகும் என்பதும் தெரியும்.

எங்கள் வளவில் இரண்டு வீடுகள். ஒன்று எங்களுடையது, மற்றது என் தம்பியுடையது. இரண்டும் ஒரே கையால் கட்டியவை. ஒரே புளொக்கல்லு, ஒரே ஓடு, ஒரே உயரம். மெயின் ரோட்டுக்குக் கடற்பக்கமாக இருப்பதால் இரண்டுக்கும் வாசல் மேற்கே பார்த்தது. முன்னுக்கு எட்டடி அகலத்தில் விறாந்தை. தம்பி அந்த விறாந்தையை மூன்றடிக்குக் கல்லு வைத்து மறித்து, மேலே அலுமினிய யன்னல் போட்டு அறையாக்கினான். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வெயில் காலத்திலேயே அந்த அறையில் பின்னேரம் இருக்க முடியவில்லை. அதற்குப் பின்னால் இருந்த சாலையும், அதாவது உள் கூடமும், இருட்டாகிப் புழுங்கத் தொடங்கியது. இரவு பத்து மணிக்கும் அந்த மேற்குச் சுவரில் கை வைத்தால் சூடு. கடைசியில் ஏசி பூட்டினார்கள். எங்கள் வீட்டில் அதே பின்னேரம் பிள்ளைகள் விறாந்தையில் பாய் போட்டுப் படிப்பார்கள். உள் சாலையில் ஒரு ஃபேன் போதும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மட்டக்களப்பு வட அகலக்கோடு ஏறக்குறைய 7.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. உச்சியில் நிற்கும் சூரியன் கூரையைத்தான் சுடும், சுவரைத் தொடாது. சுவரைச் சுடுவது காலை வெயிலும் பின்னேர வெயிலும். அதிலும் பின்னேர வெயில் மோசம், ஏனென்றால் அந்த நேரம் ஊரே ஏற்கெனவே காய்ந்து கிடக்கும். சீமெந்துக்கல்லு அந்தச் சூட்டை உடனே உள்ளே விடாது, குடித்து வைத்துக்கொண்டு நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்து மெல்ல மெல்ல விடும். பகலில் சுவரில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் இரவில் வீடு வேகாது.

அந்தக் காலங்களில் மூன்று மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 45 பாகையில் நிற்கும். அப்போது எட்டடி அகல விறாந்தை, கூரை இறப்பின், அதாவது கூரையின் கீழ் விளிம்பின், மட்டத்திலிருந்து எட்டடிச் சுவரை நிழலில் வைத்திருக்கும். அதாவது முழுச் சுவரையும். நான்கு மணிக்குச் சூரியன் 30 பாகைக்கு இறங்கியதும் நாலரை அடிதான் நிழல். அதனால்தான் பழைய ஆட்கள் விறாந்தையின் முன் இறப்பை ஆள் குனிந்து போகும் அளவுக்குத் தாழ்த்தி வைத்தார்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு கிடுகுத் தட்டியோ பன் புல்லில் இழைத்த பாயோ தொங்கவிடுவார்கள். என் கணவர் விறாந்தையை ஆறடிக்குக் குறைத்துக் கட்டச் சொல்லும் ஆட்களோடு வாதாடுவார். மூன்றடி வைத்துவிட்டு அதற்கு விறாந்தை என்று பேர் வைப்பதை அவரால் பொறுக்கவே முடியாது.

காற்றையும் சொல்ல வேண்டும். பகலில் எங்களுக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும். மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிற காற்று அது. அந்தக் காற்று வெயில் குடித்த முற்றத்து மணலைத் தடவிக்கொண்டு நேரே யன்னலுக்குள் போவது வேறு, நிழல் விழுந்த நிலத்தைக் கடந்து போவது வேறு. விறாந்தை இருந்தால் மாரியிலும் யன்னலைத் திறந்து வைக்கலாம், சாரல் உள்ளே வராது. கண்ணாடி வீட்டில் மழை வந்தால் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே புழுங்க வேண்டியதுதான்.

கூரைச் சூட்டை விறாந்தை தடுக்காது. அதற்கு ஓடும், சீலிங்கும், முகட்டுக்குக் கீழே சூடு வெளியேற வழியும் வேண்டும். விறாந்தை வைத்தால் எல்லாம் குளிர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதச் சொன்னவர் சுவரைப் பற்றியும் பேசவில்லை, கூரையைப் பற்றியும் பேசவில்லை. பெறுமதி என்ற ஒரே சொல்லோடு முடித்துவிட்டார்.

பெறுமதி என்றால் கரண்ட் பில்லையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? 2022 ஓகஸ்டில் கட்டணத்தை 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். இடையில் குறைத்தார்கள், திரும்பக் கூட்டினார்கள், அது உங்கள் பத்திரிகையிலேயே வந்த செய்தி. சாதாரண ஏசி ஒன்று கொம்ப்ரசர் ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய ஒரு கிலோவாட். ஒரு ஃபேன் 60, 70 வாட். ஒரு ஏசி குடிக்கும் மின்சாரத்தில் பத்து ஃபேனுக்கு மேல் சுற்றும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அந்த நாட்களில் தம்பி வீட்டார் அத்தனை பேரும் எங்கள் விறாந்தையில்தான் இருந்தார்கள். கைக்குழந்தையைச் சாய்மனைக் கதிரையில் போட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடக்கும் இடம் என்று எழுதியவர் அந்த நாட்களில் எங்கே இருந்தார்?

கோபம் இந்த ஒரு வரியோடு நிற்கவில்லை, ஆசிரியர் அவர்களே. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். குறைந்தது 500 சதுர அடி என்று அளவு வைத்தார்கள். நாவலடியில் எல்லாவற்றையும் பறிகொடுத்த என் பெரியம்மாவின் மகளுக்கும் அப்படி ஒரு வீடு கிடைத்தது. வீடு தந்தவர்களுக்கு நன்றி, அதை மறக்க மாட்டோம். ஆனால் இரண்டு அறை, சாலை, குசினி என்று அடைத்ததில் விறாந்தைக்கு மிஞ்சியது வாசற்படி அளவு. பன் பாய் இழைக்கும் பெண் எங்கே இருந்து இழைப்பாள், செத்த வீட்டுக்கு வரும் சனம் எங்கே இருக்கும், மாரியில் நெல்லை எங்கே பரப்புவது என்று அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு கையில் வந்ததும் அந்த வரிசையில் இருந்த எல்லோரும் முன்னுக்குத் தகரக் கூரை போட்டுப் பத்தி இறக்கினார்கள். கடன் வாங்கித்தான் இறக்கினார்கள். நிழல் கிடைத்தது, ஆனால் பகலில் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றால் தலை கொதிக்கும். முதலிலேயே இரண்டு வரிசை ஓடு கூடுதலாக இறக்கியிருந்தால் இந்தக் கடன் எதற்கு?

சூறாவளிக்கு விறாந்தை ஆகாது என்றும் சிலர் சொல்கிறார்கள். 1978 நவம்பர் 23 இரவை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. திறந்த விறாந்தைக்குள் புகும் காற்று கூரையைத் தூக்கும், உண்மைதான். அதற்காக விறாந்தையையே விட வேண்டியதில்லை. பெரிய கூரையோடு ஒரே ஓட்டமாக நீட்டாமல், ஒரு படி கீழே தனிக் கூரையாக இறக்கி, தூணோடு இறுக்கிக் கட்டினால் போதும். காற்று அதைப் பிய்த்தாலும் வீட்டுக் கூரை மிஞ்சும். இது எங்கள் மேசன்மாருக்கும் தச்சர்மாருக்கும் தெரிந்த வேலை. அவர்களில் ஒருவரையாவது உங்கள் பக்கத்தில் பேசவிட்டிருக்கிறீர்களா?

இன்னும் ஒன்று. அண்மையில் மகளோடு கிளினிக்குக்குப் போனேன், புதுக் கட்டடம். முன்னுக்கு நல்ல பெயின்ட், பெரிய எழுத்தில் பெயர், ஆனால் நிழலுக்கு ஓர் அடி கூரை இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் சாறித் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். எங்கள் பழைய பள்ளிக்கூடங்களிலும் தபால் கந்தோர்களிலும் முதலில் வந்தது விறாந்தைதான், அதற்குப் பிறகுதான் அறை. இப்போது வரைபடம் போடுகிறவர்கள் உள்ளே இருக்கப் போகும் அதிகாரியை நினைத்து மட்டும் போடுகிறார்கள். வெளியே காத்து நிற்கப் போகிறவர்களை யார் நினைப்பது? இதைப் பற்றி முன்பும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டைக் காட்டும்போது அது எந்த ஊர் வெயிலுக்குக் கட்டியது என்று படத்துக்குக் கீழே போடுங்கள். அப்புறம், வசதிப்பட்டால் ஒரு ஞாயிறு எங்கள் பக்கத்து வீடு ஒன்றின் வரைபடத்தை, மேற்கே எட்டடி விறாந்தையோடு, இறப்பின் உயரத்தையும் குறித்துப் போடுங்கள். அளவுகள் வேண்டுமானால் என் கணவர் தருவார், ஒரு சதமும் வேண்டாம். வீடு கட்ட நினைக்கும் பிள்ளைகள் அதை வெட்டி எடுத்து மேசனிடம் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
களுவாஞ்சிகுடி